நோட்டில் நான்காவது கட்டம்

அரசு ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் நர்ஸம்மா என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாயா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, பையன்."

"உங்க பையனா?"

"என் கிளாஸ் பையன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. டி.டி. ஊசியைப் போட்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முழுக்கை வைத்து ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது அந்த வாரம்தான். தழும்பை மாமியார் பார்த்துவிட்டால் வேலையை விடச் சொல்வார் என்ற பயம்.

இது 2018 ஜூலையில். மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு பகல்நேரச் சிறப்புப் பள்ளியில் நான் டீச்சர். என் வகுப்பில் அப்போது 11 பிள்ளைகள். ஆட்டிசம் நாலு பேர், டவுன் சிண்ட்ரோம் இரண்டு பேர், மூளை முடக்குவாதம் ஒருவர், மீதி நாலு பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு. வயது 6-இல் தொடங்கி 14 வரை. பெரியவர்கள் என்று நானும் ஓர் ஆயாம்மாவும். சாதாரணப் பள்ளிகளிலேயே தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்ட பிறகு, மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பத்துப் பேரில் எத்தனை பேர் பேசுவார்கள், எத்தனை பேருக்கு டயப்பர் மாற்ற வேண்டும், எத்தனை பேர் கேட் திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடுவார்கள் என்பதெல்லாம் விகிதத்தில் வராது.

கடித்த பையனைத் தம்பி என்றே எழுதுகிறேன். அப்போது 9 வயது. ஆட்டிசம், பேச்சு இல்லை. ஒல்லியான உடம்பு, ஆனால் தாடையில் அப்படி ஒரு பலம்.

முதலில் கடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். பிள்ளை கடிக்கும்போது கையை இழுக்கக் கூடாது. இழுத்தால்தான் சதை கிழியும். கையை அவன் வாயை நோக்கி லேசாகத் தள்ளிக் கொடுத்தால் தாடை தானாகத் திறக்கும். தோல் கிழிந்திருந்தால் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மனிதப் பல் பட்ட காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்பதை வேலையில் சேரும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. தொங்கட்டான் வேண்டாம், தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி படித்த இரண்டு வருடத்தில் இதில் ஒன்றைக்கூட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை மட்டும் வருவார். எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். என் கையில் இருந்த கட்டைப் பார்த்ததும், நாற்பது ரூபாய் லாங் சைஸ் நோட்டு ஒன்றை வாங்கி ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம் போடச் சொன்னார். முன், நடந்தது, பின். ஒவ்வொரு முறை கடிக்கும்போதும், அடிக்கும்போதும், அதற்கு முன்னால் என்ன இருந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். இது பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த மதிப்பீட்டு அட்டவணையிலும் பிரச்சினை நடத்தைகளுக்கென்று தனியாக 75 கேள்விகள் உண்டு. அதை நான் வருடத்துக்கு ஒருமுறை நிரப்பி ஃபைலில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நிரப்பினேன், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை நோட்டைக் கொடுத்தேன். நடந்தது என்ற கட்டத்தில், "வேண்டுமென்றே கடித்தான்" என்று எழுதியிருந்தேன். பெரிய டீச்சர் பேனாவை எடுத்து அந்த "வேண்டுமென்றே"யை அடித்தார்.

"இத நீ பாத்தியா?"

"அவன் மூஞ்சியப் பாத்தா தெரியும் டீச்சர்."

"மூஞ்சியில என்ன இருந்துச்சோ அத எழுது. பாத்தத மட்டும் எழுது."

அதன் பிறகு எழுதியதெல்லாம் இப்படி இருந்தது: "மேஜையில் மணி கோர்க்க வைத்தேன். இரண்டு மணி கோர்த்தான். இடது கட்டை விரலால் தாடையைத் தேய்த்தான். மூன்றாவது மணி கொடுத்தேன். என் கையைக் கடித்தான்." எழுத எழுத எனக்கே ஒரு வித்தியாசம் தெரிந்தது. என்னைக் கடித்தான் என்ற கோபம் போய், மூன்றாவது மணியில் என்ன ஆயிற்று என்ற கேள்வி வந்தது.

இரண்டு வாரத்தில் 17 பதிவு. அதில் 11 பதிவு மணி கோர்க்கும் நேரத்தில், அதாவது காலை பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள். பின் என்ற கட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 13 இடத்தில் என் கையெழுத்திலேயே, "சமாதானப்படுத்த ஊஞ்சலுக்கு அழைத்துப் போனேன்" என்று இருந்தது. வாயால் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு ஊஞ்சல் வேண்டும், மணி கோர்ப்பது வேண்டாம். இரண்டையும் ஒரே கடியில் நான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்த டீச்சர் நான்தான்.

ஒரு பிள்ளையின் நடத்தைக்குப் பின்னால் பெரும்பாலும் நாலில் ஒன்று இருக்கும். ஏதோ ஒரு பொருள் வேண்டும், நம் கவனம் வேண்டும், செய்கிற வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது அந்தச் செயலே உடம்புக்குச் சுகமாக இருக்கும். ஆனால் இந்த நாலுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: வலி. எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி திடீரென்று தன் காதோரம் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நாங்கள் கவனத்துக்காக என்று முடிவுகட்டி, பார்க்காத மாதிரி இருந்தோம், ஐந்து நாள். ஆறாம் நாள் தலையணையில் சீழ் பட்டிருந்ததாக அவள் பாட்டி வந்து சொன்னார். காதுக்குள் புண். அந்த ஐந்து நாளை இப்போது நினைத்தாலும் வயிறு பிசைகிறது. புதிதாக ஒரு நடத்தை வந்தால் பல், காது, மலச்சிக்கல், ஃபிட்ஸ் மாத்திரையின் அளவு மாறியதா, பெரிய பெண்பிள்ளை என்றால் மாதவிடாய் தேதி, இத்தனையையும் பார்த்த பிறகுதான் நோட்டு.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஊஞ்சலை செல்போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, மேலே செல்லோ டேப்பைச் சுற்றினேன். அவன் தாடையைத் தேய்க்க ஆரம்பித்ததும் ஆயாம்மா பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து அட்டையை எடுக்க வைப்பார், என் கையில் கொடுக்க வைப்பார். கொடுத்த அடுத்த நொடி, "ஊஞ்சல்!" என்று சொல்லிக் கூட்டிப் போவேன். இரண்டு நிமிடம். திரும்பி வந்து இன்னும் ஒரு மணி கோர்ப்பான். மூன்றாம் நாள் தானாகவே அட்டையை எடுத்து நீட்டினான். அதன் பிறகு ஒரு நாளைக்கு இருபது தடவை நீட்டினான்.

"இப்படியே போனா பாடம் எப்ப டீச்சர் நடக்கும்?" என்றார் ஆயாம்மா. நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டால் கிடைக்கும் என்று ஒரு பிள்ளைக்கு நம்பிக்கை வருவதற்கு முன்னால், காத்திருக்கச் சொல்லித் தர முடியாது. மூன்றாவது வாரம் துணிக் கிளிப் ஐந்தை அட்டையின் ஓரத்தில் மாட்டினேன். ஒரு மணி கோர்த்தால் ஒரு கிளிப்பைக் கழற்றுவேன். ஐந்தும் போனால் ஊஞ்சல். வாயால் "இரு, இரு" என்று நூறு தடவை சொல்வதைவிட இது அவனுக்குப் புரிந்தது. எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரிகிறதே.

இடையில் ஒரு மோசமான கட்டம் இருந்தது. கடித்தால் இனி ஊஞ்சல் இல்லை என்று ஆனதும், நாலு நாள் முன்னைவிடப் பயங்கரமாகக் கடித்தான். அணையப் போகிற விளக்கு பெரிதாக எரியும் என்பார்களே, அதேதான். அந்த நாலு நாளில் மனம் இளகி ஒரு தடவை ஊஞ்சலுக்குக் கூட்டிப் போய்விட்டால், இன்னும் பலமாகக் கடித்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். இதை முன்கூட்டியே தலைமையாசிரியரிடமும் பிள்ளையின் அம்மாவிடமும் சொல்லி வைப்பது மிக முக்கியம். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் அவர்களே வந்து நிறுத்தச் சொல்வார்கள்.

செப்டம்பரில் வாரத்துக்கு ஒரு கடி, டிசம்பரில் அதுவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. மற்ற பள்ளி டீச்சர்கள் கேட்டால் கிளிப் அட்டையைக் காட்டுவேன்.

2019 ஜூனில் பள்ளி திறந்தபோது எல்லாம் தலைகீழ். ஒரு மாத லீவில் வீட்டில் அட்டையும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. தம்பி பழையபடி கடித்துக்கொண்டு வந்தான். புதிதாக இரண்டு பிள்ளைகள் வேறு, மொத்தம் 13. ஆயாம்மாவுக்கு முட்டிவலி, வாரத்தில் இரண்டு நாள் வர மாட்டார். நான் காலை 7.40 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் காபி. மதியச் சாப்பாடு என்பது இடது கையால் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அள்ளிப் போட்டுக்கொள்வது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பெற்றோர்களின் வாட்ஸ்அப். நான் கவனித்திருக்க வேண்டிய அறிகுறிகள் இதிலேயே எத்தனையோ இருந்தன. ஒன்றையும் கவனிக்கவில்லை.

கவனித்தது ஒரு வார்த்தையை. ஒருநாள் காலை வேன் வந்தது. ஆயாம்மாவிடம், "வந்துடுச்சா?" என்று கேட்டேன். தம்பியைத்தான். நம் பக்கத்தில் பிள்ளையை அஃறிணையில் சொல்வது சகஜம். குழந்தை தூங்குது, பாப்பா சாப்பிட்டுச்சு என்று செல்லமாகச் சொல்வோம். அன்று என் வாயில் வந்தது அது இல்லை. மழை வந்துடுச்சா, பூதம் வந்துடுச்சா என்கிற குரல். எனக்கே அது கேட்டது. கேட்டும் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் சோர்வுக்கு 1974-இல் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் பர்ன்அவுட் என்று பெயர் வைத்து எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இன்னொரு உளவியலாளர் அதை அளக்க ஒரு அளவுகோலே உருவாக்கினார். அதில் பார்ப்பது மூன்று விஷயம்: வற்றிப்போவது, யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களையே மனிதராகப் பார்க்காமல் போவது, என்ன செய்தும் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது. இரண்டாவதைப் படித்ததும் அந்த "வந்துடுச்சா" காதில் விழுந்தது.

அந்தக் குரலுக்குப் பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை. ஆயாம்மா லீவு. தம்பி கடிக்க வந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடித்தேன் என்று தெரியவில்லை. விட்டபோது நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. பிள்ளைகளை உடலால் தண்டிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொரு டீச்சருக்கும் அதைப் படித்துக் காட்டுகிறவள் நான்.

சாயங்காலம் அவன் அம்மா வந்தபோது நானே கையைக் காட்டினேன். "நான்தான் பிடிச்சேன். கோபத்துல பிடிச்சேன், தப்பு" என்றேன். கத்துவார், எழுதிக் கொடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எழுதிக் கொடுக்கவும் தயாராகத்தான் இருந்தேன். அவர் பையனின் கையைத் தன் முந்தானையில் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்ல நானும் இப்படிப் பிடிச்சிருக்கேன் மிஸ். யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். இருவரும் வராண்டா படியில் உட்கார்ந்தோம். அவர் ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கி எத்தனையோ மாதம் ஆகிறதாம். தம்பி தூங்குவதில்லை. இதை நான் அதுவரை கேட்டதே இல்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை பெரிய டீச்சர் திட்டவில்லை. நோட்டை எடுத்து நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, மேலே "நான்" என்று எழுதினார். அன்று காலையில் சாப்பிட்டேனா, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன், கூட யார் இருந்தார்கள்.

ஒரு மாதம் எழுதினேன். 22 பதிவில் 15 பதிவு, ஆயாம்மா இல்லாத நாளில் அல்லது நான் சாப்பிடாமல் வந்த நாளில். சின்னக் கணக்கு, ஆராய்ச்சி என்று யாரும் இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஆனால் ஏன் அப்படி என்பது எனக்குத் தெரிந்தது. நன்றாக இருக்கிற நாளில் அவன் தாடையைத் தேய்ப்பதைப் பார்த்துவிடுவேன், அட்டையை நகர்த்தி வைப்பேன். சோர்ந்த நாளில் அதைப் பார்ப்பதில்லை. நல்ல நாளில் "உட்கார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பத்து எண்ணுவேன். சோர்ந்த நாளில், "உட்காரு, உட்காருன்னு சொல்றேன்ல, காதுல விழல?" அவனுக்கு அது ஒரே இரைச்சல். அவன் கடிப்பான், நான் இன்னும் சோர்வேன், அடுத்த நாள் இன்னும் குறைவாகப் பார்ப்பேன். பிள்ளையின் நடத்தைக்குத் தனி ஃபைல், டீச்சரின் சோர்வுக்கு யோகா வகுப்பு என்று பிரித்து வைப்பதில்தான் தப்பே இருக்கிறது என்பது அப்போதிலிருந்து என் எண்ணம்.

யோகா வகுப்பும் நடந்தது, சொல்ல மறந்துவிட்டேன். ஆசிரியர் தினத்துக்கு ஒருவர் வந்து, நீங்களெல்லாம் டீச்சர் இல்லை, தெய்வங்கள் என்று பேசிவிட்டுப் போனார். தெய்வம் என்று சொல்கிற இடத்தில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். தெய்வத்துக்குச் சம்பள உயர்வும் வேண்டாம், சாப்பாட்டு நேரமும் வேண்டாம். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சோர்வை நோய்ப் பட்டியல் நூலில் சேர்த்தபோது, இது நோய் இல்லை, வேலையோடு சேர்ந்து வருவது என்று விளக்கம் கொடுத்தது. நிர்வாகத்தோடு பேச எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. வேலையோடு வருவதென்றால் வேலையைத்தான் மாற்ற வேண்டும்.

பணம் கேட்டால் நடக்காது என்று தெரியும். பணம் இல்லாத விஷயங்களாகக் கேட்டேன். முதலாவது, ஆயாம்மா இல்லாத நாளில் எங்கள் வகுப்பையும் பக்கத்து வகுப்பையும் சேர்த்துவிடுவது. இரண்டு டீச்சர், ஓர் ஆயாம்மா, பெரிய ஹால். கூட்டம் அதிகம்தான், ஆனால் தனியாக இருப்பதைவிட எவ்வளவோ மேல். இரண்டாவது, 20 நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுவது, முறைவைத்து. இதற்குத்தான் ரொம்ப எதிர்ப்பு வந்தது. "நாங்கல்லாம் அப்படியா வேலை பாத்தோம்?" என்று ஒரு சீனியர் கேட்டார். அவருக்கு ரத்தக் கொதிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் உண்மையில் என்னைக் காப்பாற்றியது. ஒரு சங்கேத வார்த்தை வைத்துக்கொண்டோம். "பால் வந்திருக்கா?" யாராவது அப்படிக் கேட்டால், என்னால் இப்போது முடியவில்லை, மாற்றிவிடுங்கள் என்று அர்த்தம். பக்கத்து வகுப்பு டீச்சர் எழுந்து வந்து நிற்பார். நான் போய் முகம் கழுவி, ஐந்து நிமிடம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வருவேன். ஏன் என்று கேட்கக் கூடாது, அன்றைக்குப் பிறகும் கேட்கக் கூடாது. முதல் மாதம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டோம். கடைசியில் முதலில் சொன்னவர், உட்கார்ந்து சாப்பிடுவதை எதிர்த்த அதே சீனியர்.

பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு இரவு ஏழு மணி எல்லை வைத்தேன். அதில் பாதிதான் ஜெயித்தேன். ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்தால் அந்தத் தாய் வேறு யாரைக் கூப்பிடுவார்? அவசரம் என்றால் போன், மற்றதற்குக் காலையில் பதில் என்று ஆக்கிக்கொண்டேன். தம்பியின் தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்க வைத்தோம். வீட்டில் ஊஞ்சலுக்குப் பதில் பழைய சேலையில் தூளி கட்டினார் அவன் அம்மா. 10 வயதுப் பையனுக்குத் தூளியா என்று தெருவில் சிரித்தார்களாம். அவன் அதில் உட்கார்ந்து ஆடிவிட்டுத்தான் படுக்கப் போனான்.

கொரோனாவில் பள்ளி மூடியதும் மறுபடி எல்லாம் கலைந்தது, மறுபடி கட்டினோம். அதை இங்கே நீட்டவில்லை. தம்பி இப்போது என்னைவிட உயரம், தொழிற்பயிற்சிப் பிரிவில் காகிதக் கவர் ஒட்டுகிறான். எனக்குப் புது வகுப்பு, புதுப் பிள்ளைகள். நோட்டு ஏழாவது ஓடுகிறது. போன செவ்வாய்க்கிழமைப் பதிவு இது:

"முன்: 10.50. ஆர்மோனியம் சத்தம், பக்கத்து வகுப்பில். வரிசையில் நிற்கச் சொன்னேன். நடந்தது: பெஞ்சைத் தள்ளினாள், என் முடியைப் பிடித்தாள், 10 நொடி. பின்: ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் நின்றதும் விட்டாள். நான்: இரண்டு இட்லி. தூக்கம் ஐந்து மணி நேரம், சின்னவளுக்குக் காய்ச்சல். 11 மணிக்குப் பால் வந்திருக்கா என்று கேட்டேன்."